செத்த பாக்டீரியாவும் காய்ச்சலைத் தருவது ஏன்? முதல் சில மணி நேரத்தில் நம் அணுக்கள் எதைக் கண்டுகொள்கின்றன?

மலர்விழி டீச்சர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

அனைவருக்கும் வணக்கம். நான் ஆறாம் படிவ மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். நோயெதிர்ப்புப் பாடத்தில் ஓர் இடம் வந்ததும் வகுப்பு நின்றுவிடுகிறது. உடல் முன்பின் கண்டிராத ஒரு கிருமிக்கு எதிராகப் போதிய அளவு எதிர்ப்பொருள் உருவாக ஒரு வாரமாவது ஆகும் என்று கற்பிக்கிறோம். ஆனால் சீழ்பிடித்த புண் உள்ளவருக்கும் சிறுநீர்த் தொற்று உள்ளவருக்கும் சில மணி நேரத்திலேயே குளிரும் காய்ச்சலும் வந்துவிடுகின்றன. அப்படியானால் உள்ளே நுழைந்திருப்பது பாக்டீரியாதான் என்று அந்த முதல் சில மணி நேரத்தில் உடலுக்குத் தெரிவித்தது எது என்று ஒரு மாணவி கேட்டாள். கொதிக்க வைத்துக் கொன்ற பாக்டீரியாவை ஊசியாகப் போட்டாலும் காய்ச்சல் வருமாமே, பெருகவே முடியாத ஒன்று எப்படி உடலைச் சுட வைக்கிறது என்று இன்னொரு மாணவன் கேட்டான்.

என் குறிப்புகளில் இதற்கு நிறைவான விடை இல்லை. இக்களத்தில் மருத்துவர்களும் ஆய்வகங்களில் பணிபுரிவோரும் இருக்கிறீர்கள். சுருக்காமல் எழுதுங்கள், வகுப்பில் வாசித்துக் காட்டப் போகிறேன். நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று புலனக் குழுக்களில் வலம்வரும் பொடிகளையும் கசாயங்களையும் பற்றிப் பெற்றோரும் கேட்கிறார்கள். அதற்கும் யாராவது விடை சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆய்வகர், பாயான் லெப்பாஸ்

டீச்சருக்கு வணக்கம். நான் இங்கே மருத்துவப் பொருள்கள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இருக்கிறேன். உங்கள் மாணவன் கேட்டது எங்களுடைய அன்றாட வேலை. நரம்பில் ஏற்றும் திரவத்தில் உயிருள்ள கிருமி இல்லை என்று காட்டினால் மட்டும் அதை வெளியே அனுப்ப முடியாது. செத்த கிருமியின் மிச்சமும் அளவுக்கு மேல் இல்லை என்று காட்ட வேண்டும்.

அந்த மிச்சத்துக்கு எண்டோடாக்சின் என்று பெயர். 1892இல் ஜெர்மனியில் ரிச்சர்டு பைஃபர் காலராக் கிருமியை வெப்பத்தால் கொன்று விலங்குகளுக்குச் செலுத்தியபோது, செத்த கிருமியே அவற்றைக் கடுமையாக நோயுறச் செய்வதைக் கண்டார். உட்சவ்வோடு வெளிச்சவ்வும் கொண்ட கிராம் எதிர்மறை வகை பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் பதிந்திருக்கும் லிப்போபாலிசாக்கரைடு என்னும் மூலக்கூறே அதற்குக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. சுருக்கமாக எல்பிஎஸ் என்போம். கொழுப்பாலான அடிப்பகுதி சவ்வில் ஊன்றியிருக்க, சர்க்கரைச் சங்கிலி வெளியே நீண்டிருக்கும். ஓர் ஈ.கோலை அணுவின் மேற்பரப்பில் மட்டும் இவை ஏறத்தாழ பத்து இலட்சம் என்ற அளவில் இருக்கின்றன. ஆட்டோகிளேவ் என்னும் அழுத்தக் கலத்தின் 121 பாகை நீராவியில் பாக்டீரியா செத்துவிடும்; எல்பிஎஸ் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதனால் எங்கள் கண்ணாடிக் குழாய்களை 250 பாகை உலர் வெப்பத்தில் 30 நிமிடம் வைத்த பிறகுதான் தொடுகிறோம்.

சோதனை இப்படித்தான் நடக்கும். சிறு கண்ணாடிக் குழாயில் 0.1 மில்லி லிட்டர் மாதிரியையும், குதிரைலாட நண்டின் இரத்த அணுக்களிலிருந்து எடுத்த அதே அளவு சாற்றையும் விட்டு, 37 பாகையில் ஒரு மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். நேரம் ஆனதும் குழாயை ஒரே சீராகத் தலைகீழாகத் திருப்புவோம். உள்ளிருப்பது கட்டியாக உறைந்து அடியிலேயே ஒட்டிக்கொண்டால் எண்டோடாக்சின் இருக்கிறது என்று பொருள். வழிந்து இறங்கினால் சோதனையின் உணர்திறனுக்குக் கீழே இருக்கிறது. நடுவில் குழாயை எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய கட்டி உடைந்துவிடும். உடைந்தது மறுபடி சேராது. ஆகவே புதிதாக வேலைக்கு வருவோரிடம் நாங்கள் முதலில் சொல்வது, அந்த ஒரு மணி நேரமும் குழாய்களின் பக்கம் கையே போகக் கூடாது என்பதுதான். நரம்பில் ஏற்றும் மருந்துக்கு வரம்பு, ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 5 எண்டோடாக்சின் அலகு. முதுகுத்தண்டு நீருக்குள் செலுத்துவதற்கு 0.2 அலகுதான்.

மாணவர்கள் இதில் கவனிக்க வேண்டியது நண்டின் பக்கத்தைத்தான். அதற்கு எதிர்ப்பொருளே கிடையாது. ஆனாலும் அதன் இரத்த அணுக்கள் எல்பிஎஸ்ஸைத் தொட்டவுடன் உறைபொருளைக் கொட்டி, கிருமியை அந்த இடத்திலேயே சிறைப்படுத்திவிடுகின்றன. ஃபிரெடெரிக் பேங் என்பவர் 1956இல் அமெரிக்கக் கடற்கரை நண்டுகளில் இதை விவரித்தார். ஜாக் லெவினுடன் சேர்ந்து 1960களில் இதைச் சோதனை முறையாக வளர்த்தெடுத்தார். எல்பிஎஸ்ஸை நேரடியாகப் பற்றும் நண்டுப் புரதத்துக்கு ஃபேக்டர் சி என்று பெயர். அதன் மரபணுவைப் பிரித்தெடுத்து, நண்டின் இரத்தம் இல்லாமலே அப்புரதத்தைத் தயாரிக்கும் வழியைக் கண்டவர்கள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங்கும் ஹோ பாவும் ஆவர். அவர்கள் பயன்படுத்தியது நம் சதுப்புநிலக் கரைகளில் வாழும் இனம். மலாய்க்காரர்கள் பெலாங்காஸ் என்று அழைக்கும் நண்டுகளில் ஒன்று.

டாக்டர், செந்தூல்

ஆய்வகர் நண்டில் தொடங்கியது சரியான இடம். மனிதனிடம் உள்ளதும் அதே வகையான அறிவுதான். அதைக் கண்டுபிடிக்க மட்டும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

1989இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஜேன்வே ஒரு கருத்தை முன்வைத்தார். தடுப்பூசியில் தூய புரதத்தை மட்டும் செலுத்தினால் உடல் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அதனுடன் செத்த பாக்டீரியாவைக் கலந்தால்தான் எதிர்ப்பொருள் பெருகுகிறது. எல்லா ஆய்வாளர்களும் இதைச் செய்துவந்தார்கள். ஏன் என்று எவரும் விளக்கவில்லை. பாக்டீரியாக்களிடம் மட்டுமே உள்ள, அவை கைவிட முடியாத மூலக்கூறு வடிவங்களைப் பிறவியிலேயே அறிந்த ஏற்பிகள் நம் அணுக்களில் இருக்க வேண்டும் என்றும், அவை தூண்டப்பட்ட பிறகே எதிர்ப்பொருள் தரும் பிரிவு விழிக்கிறது என்றும் அவர் கணித்தார். அப்போது அவர் கையில் அப்படி ஓர் ஏற்பிகூட இல்லை.

விடை ஈயிலிருந்து வந்தது. பழ ஈயின் கருவில் முதுகு எது, வயிறு எது என்று தீர்மானிக்கும் டோல் என்னும் மரபணுவை ஜெர்மனியில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-வோல்ஹார்டின் குழு 1980களில் ஆராய்ந்திருந்தது. 1996இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்கில் ழூல் ஹாஃப்மனின் ஆய்வகத்தில் புரூனோ லெமேத்ர், டோல் பழுதான ஈக்கள் பூஞ்சைத் தொற்றை எதிர்க்க முடியாமல் மடிவதைக் காட்டினார். அடுத்த ஆண்டே ஜேன்வேயும் ருஸ்லான் மெட்ஜிடோவும் மனித அணுக்களில் அதை ஒத்த ஏற்பி ஒன்றைக் கண்டார்கள். 1998இல் டல்லாஸில் புரூஸ் பாய்ட்லர், அதுதான் எல்பிஎஸ்ஸை உணரும் ஏற்பி என்று நிறுவினார். அதற்கு இன்று டிஎல்ஆர்4, அதாவது டோல் போன்ற ஏற்பி 4, என்று பெயர். மனிதரிடம் இக்குடும்பத்தில் 10 ஏற்பிகள் உள்ளன. டிஎல்ஆர்2 தன் துணை ஏற்பிகளுடன் சேர்ந்து பாக்டீரியாவின் கொழுப்புப் புரதங்களையும், டிஎல்ஆர்5 நீந்தும் கசையிழையின் புரதத்தையும், டிஎல்ஆர்9 பாக்டீரியா டிஎன்ஏவின் ஒரு தனித்தன்மையையும் அறிகின்றன.

டிஎல்ஆர்4 வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனெனில் மற்ற கேள்விகளெல்லாம் இதில்தான் வந்து நிற்கும். இரத்தத்தில் உள்ள எல்பிபி என்னும் புரதம், பாக்டீரியாவிலிருந்து கழன்ற எல்பிஎஸ் திரளிலிருந்து ஒரு மூலக்கூறை உருவி, பெருவிழுங்கி அணுவின் மேற்பரப்பில் உள்ள சிடி14 என்னும் புரதத்திடம் கொடுக்கிறது. சிடி14 அதை டிஎல்ஆர்4ஐ ஒட்டியிருக்கும் எம்டி-2 என்னும் சிறு புரதத்திடம் ஒப்படைக்கிறது. எல்பிஎஸ்ஸின் அடிப்பகுதியான லிப்பிட் ஏவில், ஈ.கோலையைப் பொறுத்தவரை, ஆறு கொழுப்பமிலச் சங்கிலிகள் உண்டு. 2009இல் தென்கொரிய ஆய்வாளர்கள் இதன் படிக வடிவத்தை வெளியிட்டார்கள். ஐந்து சங்கிலிகள் எம்டி-2வின் குழிக்குள் முழுமையாக இறங்கிவிடுகின்றன. ஆறாவது உள்ளே இடமில்லாமல் மேற்பரப்பிலேயே கிடக்கிறது. அந்த ஆறாவது சங்கிலிதான் பக்கத்திலிருக்கும் இன்னொரு டிஎல்ஆர்4ஐ ஒட்டவைக்கிறது. இரண்டு ஏற்பிகள் இணைந்தால்தான் அணுவின் உட்பக்கம் செய்தி போகும். உள்ளே மைடி88 என்னும் புரதத்தைச் சுற்றி மற்றவை கூடி, மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பா-பி என்னும் புரதத்தைக் கட்டவிழ்த்து உட்கருவுக்குள் அனுப்புகின்றன. அதன் பிறகு டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஆகிய அழற்சிச் செய்திப் புரதங்கள் வெளியே கொட்டுகின்றன. இவை மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் இ2 சுரக்கக் காரணமாகி உடலின் வெப்ப அளவை உயர்த்தி வைக்கின்றன. பாரசிட்டமால் காய்ச்சலைத் தணிப்பது இந்தக் கடைசிப் படியைத் தடுத்துத்தான்.

ஆய்வுக்கு இசைந்த உடல்நலமுள்ளவர்களுக்கு ஒரு கிலோ எடைக்குச் சில நானோகிராம் எல்பிஎஸ் கொடுத்தாலே, ஒரு மணி நேரத்தில் குளிர் நடுக்கமும் மூன்று நான்கு மணி நேரத்தில் உச்சக் காய்ச்சலும் வருகின்றன. டீச்சருடைய மாணவி கேட்ட முதல் சில மணி நேரம் இதுதான்.

மலர்விழி டீச்சர், ஆயர் ஈத்தாம்

மிக்க நன்றி, டாக்டர். ஆறாவது சங்கிலியைப் பற்றிய பகுதியைக் கரும்பலகையில் வரைந்தே காட்டிவிட்டேன். ஆனால் அதிலிருந்தே ஒரு கேள்வி பிறந்தது. எல்பிஎஸ் என்பது நச்சுப்பொருளா, இல்லையா? நச்சு என்றால் அது எந்த உறுப்பைத் தாக்குகிறது?

டாக்டர், செந்தூல்

அது எந்த உறுப்பையும் தானாகத் தாக்குவதில்லை. இதற்குச் சான்று ஒரு சுண்டெலி. சி3எச்/எச்இஜே என்னும் ஆய்வக இனம் எவ்வளவு எல்பிஎஸ் கொடுத்தாலும் அசையாது என்று 1960களிலேயே தெரியும். பாய்ட்லர் தேடிப்போனது இந்த இனத்தின் குறைபாட்டைத்தான். டிஎல்ஆர்4 புரதத்தில் 712ஆம் இடத்தில் புரோலின் என்னும் அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின் இருந்தது. அந்த ஒரு மாற்றம் போதுமானதாக இருந்தது. எல்பிஎஸ் தன்னளவில் நஞ்சாக இருந்திருந்தால் அந்தச் சுண்டெலியும் செத்திருக்க வேண்டும்.

ஆனால் அதே சுண்டெலிக்கு உயிருள்ள சால்மொனெல்லாவை மிகக் குறைந்த அளவில் கொடுத்தாலும் தொற்று கட்டுக்கடங்காமல் பெருகி அது இறந்துவிடுகிறது. இவ்விரண்டையும் சேர்த்தே மாணவர்களுக்குச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் தவறான பாடம் கிடைக்கும்.

முரளி, பட்டர்வொர்த்

வணக்கம். நான் அறிவியல் படித்தவன் இல்லை. ஆயினும் இந்த விவாதத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன். என் தம்பி அருவியில் குளித்துவிட்டு வந்த சில நாள்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியுமாகப் படுத்தான். எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் என்று கண்டறிந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். முதல் பெனிசிலின் ஊசி போட்ட சில மணி நேரத்தில் அவனுக்குக் காய்ச்சல் இன்னும் ஏறி, கட்டிலே ஆடும்படி நடுங்கினான். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா அழுதார். அது அடுத்த நாள் அடங்கிவிட்டது, அவனும் தேறிவிட்டான்.

என் கேள்வி இதுதான். கிருமியைவிட நம் உடலின் எதிர்வினையே தீங்கு செய்கிறது என்றால், அந்த ஏற்பியை மருந்தால் அடைத்துவிடலாமே?

டாக்டர், செந்தூல்

முரளி, உங்கள் தம்பிக்கு நேர்ந்ததற்கு யாரிஷ்-ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை என்று பெயர். மருந்து பட்டதும் திருகு வடிவக் கிருமிகள் கூட்டமாக உடைகின்றன. அவற்றின் சவ்விலும் உள்ளேயும் இருந்த மூலக்கூறுகள் ஒரே நேரத்தில் இரத்தத்தில் கலக்கின்றன. அணுக்கள் அதற்குப் பதில் தருகின்றன. சில மணி நேரத்தில் தணிந்துவிடும். மருந்து ஒவ்வாமை வேறு. ஆனால் அந்த நேரத்தில் இரண்டையும் பிரித்தறிவது மருத்துவரின் பொறுப்பு. அதனால்தான் முதல் ஊசிக்குப் பின் அருகில் வைத்துக் கவனிக்கிறார்கள். அம்மா பயந்தது நியாயமே.

ஏற்பியை அடைக்கும் முயற்சி உண்மையிலேயே நடந்தது. எரிட்டோரான் என்பது லிப்பிட் ஏவைப் போலவே தோற்றமளிக்கும், ஆனால் நான்கு சங்கிலிகள் மட்டுமே உள்ள செயற்கை மூலக்கூறு. எம்டி-2வின் குழிக்குள் புகுந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு ஏற்பிகளைச் சேர்த்துவைக்காது. தொற்றுக்கு உடல் தரும் கட்டுமீறிய எதிர்வினையால் உறுப்புகள் பழுதாகும் கடும் செப்சிஸ் நோயாளிகளிடம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது. இறப்பு குறையவில்லை. நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவை அடையும்போது அந்தத் தொடக்கச் செய்தி போய்ப் பல மணி நேரம் ஆகியிருக்கிறது. எல்லோருடைய செப்சிஸும் எல்பிஎஸ்ஸால் வந்ததும் இல்லை. இவை காரணங்களாக இருக்கக்கூடும் என்பது என் கருத்து. சுண்டெலியில் வெற்றி கண்ட மருந்துகள் மனிதரிடம் தோற்பதில் எனக்கு வியப்பில்லை. மனிதனைக் காய்ச்சலில் தள்ளும் எல்பிஎஸ் அளவைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் கொடுத்தாலும் சுண்டெலி தாங்கும்.

ஆய்வு மாணவி, கோலாலம்பூர்

முரளி அண்ணன் லெப்டோஸ்பைராவைக் குறிப்பிட்டதால் எழுதத் துணிகிறேன். இந்த நாட்டில் நம்மை வருத்தும் கிருமிகள் பலவும், டாக்டர் விவரித்த அந்த ஏற்பியிடமிருந்து தப்பத் தெரிந்தவை. பாடநூல்கள் ஈ.கோலையை மட்டுமே காட்டுவதால் இது மறைந்துபோகிறது.

லெப்டோஸ்பைராவிடம் எல்பிஎஸ் உண்டு. ஆனால் அதன் லிப்பிட் ஏவின் அமைப்பு வழக்கத்துக்கு மாறானது. பாஸ்பேட் தொகுதிகளில் ஒன்று இல்லை, இன்னொன்றில் மீத்தைல் ஒட்டியிருக்கிறது. மனிதரின் டிஎல்ஆர்4 இதை உணர்வதில்லை; சுண்டெலியின் டிஎல்ஆர்4 உணர்கிறது. மனிதரிடம் டிஎல்ஆர்2 மட்டும் பாக்டீரியாவின் கொழுப்புப் புரதங்களைக் கண்டு பதில் தருகிறது. அதன் கசையிழைகளும் வெளியே நீண்டிருப்பதில்லை; இரண்டு சவ்வுகளுக்கிடையே சுருண்டு மறைந்திருப்பதால் டிஎல்ஆர்5க்கும் எளிதில் அகப்படுவதில்லை. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய வில்லியம் பிளெட்சர் 1920களிலேயே இந்நோயை இங்கே பதிவுசெய்திருக்கிறார். 1900இல் தொடங்கி இன்றும் இயங்கும் கழகம் அது.

அதே பிளெட்சரும் ஸ்டாண்டனும் மெலியோயிடோசிஸ் என்று பெயரிட்ட நோயும் இப்படியே. அந்தக் கிருமியை 1912இல் ரங்கூனிலிருந்து முதலில் விவரித்தவர்கள் விட்மோரும் கிருஷ்ணசாமியும். மறுஆண்டு கோலாலம்பூர்க் கழகத்தின் ஆய்வக விலங்குகளிடையே அது பரவியது. நம் நாட்டு மண்ணிலும் வயல் நீரிலும் வாழும் கிருமி இது. நீரிழிவு உள்ளவர்களையே அதிகம் தாக்குகிறது. அதன் லிப்பிட் ஏ, ஈ.கோலையினதைவிட வலுக்குன்றிய தூண்டலையே தருகிறது. தாய்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. டிஎல்ஆர்5 மரபணுவில் ஒரு நிறுத்தக் குறி விழுந்து, கசையிழையைச் சரிவர உணர முடியாதவர்கள் சிலர் உண்டு. அவர்களே மெலியோயிடோசிஸில் அதிகம் உயிர்பிழைத்தார்கள். அதே மாற்றம் உள்ளவர்களுக்கு லீஜியோனெல்லா நிமோனியா வரும் வாய்ப்போ கூடுதல். ஆகவே கூர்மையாக உணர்வதே நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியவில்லை. எந்தக் கிருமி, எந்த உறுப்பு, எத்தனையாம் நாள் என்று கேட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

டைபாய்டுக் கிருமியை விட்டுவிட முடியாது. அது விஐ என்னும் சர்க்கரை உறையைப் போர்த்தி எல்பிஎஸ்ஸை மூடிக்கொள்கிறது. திசுவுக்குள் நுழைந்ததும் கசையிழை உற்பத்தியையும் குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் டைபாய்டு காய்ச்சல் திடீரெனச் சீறாமல் நாளுக்கு நாள் படிப்படியாக ஏறுகிறது என்று கருதுகிறார்கள். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின் கீழ் நம் உணவகப் பணியாளர்கள் போட்டுக்கொள்ளும் டைபாய்டு ஊசியில் இருப்பது பெரும்பாலும் இதே விஐ சர்க்கரைதான். பிளேக் கிருமி இன்னும் ஒரு படி மேலே போகிறது. தெள்ளுப்பூச்சியின் உடல் வெப்பத்தில் ஆறு சங்கிலியுள்ள லிப்பிட் ஏவைச் செய்து, மனிதரின் 37 பாகையில் நான்கு சங்கிலியாகக் குறைத்துக்கொள்கிறது. டீச்சர் கரும்பலகையில் வரைந்த அந்த ஆறாவது சங்கிலி அங்கே இல்லாமல் போகிறது.

மலர்விழி டீச்சர், ஆயர் ஈத்தாம்

தங்கையின் பதிவை இருமுறை படித்தேன். அப்படியானால் நம் குடலில் கோடிக்கணக்கில் வாழும் பாக்டீரியாக்களின் எல்பிஎஸ் ஏன் அன்றாடம் நம்மைக் காய்ச்சலில் தள்ளவில்லை?

ஆய்வு மாணவி, கோலாலம்பூர்

அக்கா, ஏற்பிகள் இருக்கும் இடம் முதல் காரணம். குடல் சுவரின் மேலணி அணுக்களில் டிஎல்ஆர்5 உணவு செல்லும் பக்கத்தில் அதிகம் இல்லாமல், உடலின் உட்பக்கம் நோக்கி வைக்கப்பட்டிருக்கிறது. கசையிழைப் புரதம் அந்தப் பக்கம் வந்துசேர்ந்தால், சுவர் உடைந்திருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் சளிப்படலமும் ஐஜிஏ எதிர்ப்பொருளும் பாக்டீரியாவைத் தொலைவில் நிறுத்துகின்றன. குடலில் மிகுதியாக வாழும் பாக்டீராய்டிஸ் இனங்களின் லிப்பிட் ஏவில் சங்கிலிகளும் பாஸ்பேட்டும் குறைவு. டிஎல்ஆர்4ஐ அது அவ்வளவாகத் தூண்டுவதில்லை.

அணுவின் உட்புறத்துக்கென்றே தனிக் காவலும் உண்டு. பாக்டீரியாச் சுவரின் பெப்டிடோகிளைகன் துணுக்குகளை உள்ளிருந்து உணரும் நாட்2 புரதம் பழுதானவர்களுக்குக் குரோன் குடல் அழற்சி வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 2001இல் காட்டினார்கள். எல்பிஎஸ் அணுவின் உட்திரவத்துக்குள்ளேயே வந்துவிட்டால் டிஎல்ஆர்4க்கு அங்கே வேலையில்லை. மனிதரிடம் கேஸ்பேஸ்-4 என்னும் நொதி அதை நேரடியாகப் பற்றுகிறது என்று பெய்ஜிங்கில் ஃபெங் ஷாவோவின் குழு 2014இல் நிறுவியது. அந்த நொதி கேஸ்டெர்மின் டி என்னும் புரதத்தை வெட்ட, அதன் துண்டுகள் அணுச்சவ்வில் துளைகளை இடுகின்றன. அணு வெடித்துச் சாகிறது. உள்ளே ஒளிந்திருந்த பாக்டீரியாவுக்குத் தங்குமிடம் போய்விடுகிறது. வெளியே எல்பிஎஸ் என்றால் எச்சரிக்கை, உள்ளே எல்பிஎஸ் என்றால் தற்கொலை. ஒரே மூலக்கூறுக்கு இவ்வளவு வேறுபட்ட பதில் வருவதற்கு அது கிடந்த இடமே காரணம்.

சித்தமருந்து அன்பர், பிரிக்பீல்ட்ஸ்

எல்லோரும் அருமையாக எழுதுகிறீர்கள். ஆனால் பொடிகளையும் கசாயங்களையும் பற்றி டீச்சர் கேட்டதற்கு எவரும் விடை சொல்லவில்லை. நிலவேம்புக் கசாயத்தை எங்கள் குடும்பத்தில் தலைமுறைகளாகக் காய்ச்சலுக்குக் கொடுத்து வருகிறோம். மூலிகைச் சாறுகளை ஆய்வகத் தட்டில் பெருவிழுங்கிகள்மேல் இட்டால் அவை விழித்தெழுகின்றன என்று பல கட்டுரைகள் சொல்கின்றன. அது எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதற்குச் சான்றுதானே?

ஆய்வகர், பாயான் லெப்பாஸ்

ஐயா, அந்தக் கட்டுரைகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடும் வரி ஒன்று உண்டு: சாற்றில் எண்டோடாக்சின் எவ்வளவு என்று அளந்தார்களா? செடி வளரும் மண்ணிலும் இலையின் மேலும் கிராம் எதிர்மறை பாக்டீரியாக்கள் ஏராளம். உலர்த்தி, பொடித்து, நீரில் ஊறவைத்த சாற்றில் அவற்றின் எல்பிஎஸ்ஸும் சேர்ந்தே இறங்கும். பெருவிழுங்கியோ ஒரு மில்லி லிட்டரில் ஒரு நானோகிராமுக்கும் குறைவான எல்பிஎஸ்ஸுக்கே பதில் தரும். ஆகவே தட்டில் அணுக்களை எழுப்பியது மூலிகையா, அதன்மேல் வாழ்ந்த பாக்டீரியாவா என்று பிரித்துக் காட்டாத வரை அந்த முடிவை ஏற்பதற்கில்லை. எல்பிஎஸ்ஸைக் கட்டிப்போடும் பாலிமிக்ஸின் பி மருந்தைச் சேர்த்து, அதன் பிறகும் விளைவு நிலைக்கிறதா என்று பார்ப்பது ஒரு வழி. இது எந்த மருத்துவ முறைக்கும் எதிரான பேச்சு இல்லை. எங்கள் ஆலையில் தயாராகும் உப்புநீருக்கும் இதே அளவுகோல்தான்.

டாக்டர், செந்தூல்

ஐயா குறிப்பிட்ட நிலவேம்பை எடுத்துக்கொண்டே பேசலாம். மலாய்க்காரர்கள் ஹெம்பெடு பூமி என்று அழைப்பதும் அதே செடி. அதன் முதன்மையான கசப்புப் பொருளாகிய ஆண்ட்ரோகிராபோலைடு, நான் மேலே எழுதிய என்எஃப்-கப்பா-பி புரதத்தின் பி50 என்னும் கூறில் ஒரு சிஸ்டீனோடு பிணைந்து, அது டிஎன்ஏவில் உட்காருவதைத் தடுக்கிறது என்று 2004இல் ஆய்வக அளவில் காட்டினார்கள். அதாவது தட்டில் பார்த்தவரை அது அழற்சியைத் தணிக்கிறது, கூட்டவில்லை. காய்ச்சலுக்குக் கொடுத்த நம் முன்னோரின் பழக்கத்துடன் இது முரண்படவும் இல்லை. சக்தியைக் கூட்டும் என்ற விளம்பரத்துடன்தான் முரண்படுகிறது. நோயாளிகளிடம் அது எவ்வளவு பயன்தரும் என்பது தனிக் கேள்வி. டெங்கி, லெப்டோ என்று சந்தேகப்படும் காய்ச்சலில் கசாயத்தை நம்பி மருத்துவரிடம் வருவதைத் தாமதிப்பதை என்னால் ஏற்க முடியாது.

சித்தமருந்து அன்பர், பிரிக்பீல்ட்ஸ்

தாமதிக்கச் சொல்லும் வைத்தியரை நானும் ஏற்பதில்லை, டாக்டர். ஆனால் கூட்டுவது, குறைப்பது என்று பேசாமல் வேறு எப்படிப் பேசுவது? சக்தி குறைந்தவர்கள் என்று ஒரு பிரிவினர் இல்லையா?

டாக்டர், செந்தூல்

இருக்கிறார்கள், ஆனால் எது குறைகிறது என்று சுட்டிச் சொல்லும்போதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள் வருகிறது. மைடி88 புரதமோ அதன் கூட்டாளியான ஐராக்4 புரதமோ பிறவியிலேயே இல்லாத குழந்தைகளைப் பற்றி 2003இலும் 2008இலும் கட்டுரைகள் வெளிவந்தன. டிஎல்ஆர் ஏற்பிகளில் ஏறத்தாழ அனைத்தின் செய்தியும் அவர்களுக்குப் பாதியிலேயே நின்றுவிடுகிறது. எல்லாக் கிருமியும் அவர்களைத் தாக்கும் என்றுதான் எதிர்பார்த்திருப்போம். ஆனால் நிமோகாக்கஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ், சூடோமோனாஸ் போன்ற சில சீழ்க்கிருமிகளே அவர்களை உயிருக்கு ஆபத்தாகத் தாக்குகின்றன. வைரஸ்களையும் பூஞ்சைகளையும் பெரும்பாலும் சமாளித்துவிடுகிறார்கள். மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைக்குக்கூடத் தொடக்கத்தில் உடல் சூடு அதிகம் ஏறாது. இரத்தத்தில் அழற்சிக் குறியீடும் உயராது. குழந்தை மருத்துவருக்கு இது மிகவும் ஆபத்தான ஏமாற்றம். அந்தப் பருவத்தை மருந்துகளின் துணையுடன் தாண்டிவிட்டால், எதிர்ப்பொருள் நினைவு வளர வளரக் கடும் தொற்றுகள் அரிதாகின்றன.

டீச்சர், முதல் நாள் உணர்வுக்கும் எதிர்ப்பொருளுக்கும் உள்ள பாலம் டென்ட்ரிடிக் அணு. ரால்ஃப் ஸ்டைன்மன் 1973இல் கண்டறிந்தது. பாய்ட்லர், ஹாஃப்மன் ஆகியோருடன் அவருக்கும் 2011இல் நோபல் பரிசு அறிவித்தார்கள்; அறிவிப்புக்கு மூன்று நாள்களுக்கு முன்பே அவர் காலமாகியிருந்தார். இந்த அணு தன் டிஎல்ஆர் தூண்டப்பட்டால்தான் நிணக்கணுவுக்குச் சென்று, எதிர்ப்பொருள் பிரிவை விழிக்கச் செய்யும் டி அணுவுக்குக் கிருமியின் துணுக்கோடு ஒப்புதல் குறியையும் சேர்த்துக் காட்டும். ஜேன்வே கணித்தது இதையே. இன்று சில தடுப்பூசிகளில், எச்பிவி தடுப்பூசி ஒன்றிலும் ஷிங்கிள்ஸ் தடுப்பூசி ஒன்றிலும், ஒரு பாஸ்பேட்டை நீக்கி வீரியத்தைக் குறைத்த லிப்பிட் ஏவையே துணைப்பொருளாகச் சேர்க்கிறார்கள்.

முரளி, பட்டர்வொர்த்

கடைசியாக ஒன்று கேட்கிறேன். தம்பி மறுபடியும் அருவிக்குப் போக வேண்டும் என்கிறான். ஒருமுறை வந்துவிட்டதால் லெப்டோ இனி வராது என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். உண்மையா?

ஆய்வு மாணவி, கோலாலம்பூர்

அண்ணா, அதை நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். லெப்டோவுக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் அதன் எல்பிஎஸ்ஸின் வெளிச் சர்க்கரைச் சங்கிலியையே பற்றுகின்றன. டிஎல்ஆர்4க்குப் புலப்படாத அதே மூலக்கூறை எதிர்ப்பொருள் நன்றாகவே அறியும். ஆனால் அந்தச் சர்க்கரைச் சங்கிலி வகைக்கு வகை மாறும். 250க்கும் மேற்பட்ட வகைகள் பதிவாகியுள்ளன. ஒரு வகைக்கு எதிரான பாதுகாப்பு இன்னொரு வகைக்கு உதவும் என்று உறுதி சொல்ல முடியாது. காலில் வெட்டுக்காயம் இருந்தால் நீரில் இறங்க வேண்டாம். மழை பெய்து நீர் கலங்கியிருக்கும் நாளில் போகவே வேண்டாம்.

டாக்டர், செந்தூல்

அதோடு ஒன்று. திரும்பி வந்த மூன்று நான்கு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், அருவிக்குப் போனதைக் கிளினிக்கில் அவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் எதிர்ப்பொருள் சோதனை, நோய் இல்லை என்றே காட்டக்கூடும். அந்த நாள்களில் மருத்துவர் மருந்தைத் தொடங்குவது பெரும்பாலும் நோயாளி சொல்லும் இந்தச் செய்தியை வைத்துத்தான்.